முதல் காட்சிக்கு மறுநாள் காலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறிய நாடகக் குழுவின் வரவு செலவுக் கணக்கை இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, ஒப்பனைக்காரர் கூலி, நடிகர்களுக்குச் சாப்பாடு, கடைசியில் கையைக் கடிக்கும் ஒரு தொகை. இந்த வேலையில் இருப்பவனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஹெரால்ட் பிரின்ஸ். அங்கே எல்லோருக்கும் அவர் ஹால் பிரின்ஸ்.

பிராட்வேக்காரர்கள் மியூசிக்கல் என்று சொல்வது, வசனம், பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்து கதையை நடத்திச் செல்லும் நாடகம். அதில் தயாரிப்பாளர் பணம் திரட்டுவார். இயக்குநர் மேடையைப் பார்த்துக்கொள்வார். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் முதலாளி, வாத்தியார் என்று இருந்தார்களே, அந்த இரண்டு நாற்காலிகள்தான். பிரின்ஸ் இரண்டிலும் அமர்ந்தவர்.

1928இல் நியூயார்க்கில் பிறந்தார். இருபது வயதில், ஜார்ஜ் அபட் என்ற பெரிய இயக்குநரின் அலுவலகத்தில், சம்பளம் இல்லாமலும் வேலை செய்யத் தயார் என்று கேட்டுச் சேர்ந்தார். நடுவில் இரண்டு ஆண்டுகள் ராணுவ சேவைக்காக ஜெர்மனி. திரும்பி வந்து மேடை மேலாளர் வேலை. அங்கே பழகிய ராபர்ட் கிரிஃபித் என்ற மூத்த மேலாளரோடு சேர்ந்து சொந்தமாகவே தயாரிப்பில் இறங்கியபோது அவருக்கு வயது 26.

அந்த முதல் நாடகத்தின் கணக்கை நான் பலமுறை படித்திருக்கிறேன். ‘தி பஜாமா கேம்’, 1954. தையல் ஆலைத் தொழிலாளர்கள் ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் கதை. கம்யூனிச பயம் அமெரிக்காவை ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலைநிறுத்தத்தைப் பாட்டாகப் பாடும் நாடகத்துக்குப் பெரிய முதலாளிகள் யார் பணம் தருவார்கள்? சிறுகச் சிறுகப் பலரிடம் கேட்டு இரண்டரை லட்சம் டாலர் திரட்டினார்கள். செலவழித்ததோ ஒரு லட்சத்து 69 ஆயிரம்தான். சம்பளத்தை மிச்சப்படுத்தத் தயாரிப்பாளர்கள் இருவரும் தங்கள் நாடகத்துக்குத் தாங்களே மேடை மேலாளர்களாக நின்றார்கள். முதல் காட்சி இரவில், நாடகத்தின் உரிமையாளரே பக்கத்திரையோரம் நின்று விளக்குக்குக் குறிப்புக் கொடுக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். நாடகம் ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. பணம் போட்டவர்களுக்கு லாபத்தோடு திரும்பி வந்தது. பிரின்ஸ் அடுத்த முறை கதவைத் தட்டியபோது அவர்கள் திறந்தார்கள்.

அந்த நம்பிக்கைதான் 1957இல் கைகொடுத்தது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே அதன் தயாரிப்பாளர் விலகிக்கொண்டார். தெருச் சண்டையும் பிணமும் மேடையில் கிடக்கும் இசை நாடகத்தைத் தொட மற்றவர்கள் தயங்கினார்கள். பிரின்ஸும் கிரிஃபித்தும் ஏற்றார்கள். 1961இல் கிரிஃபித் இறந்துவிட, பிரின்ஸ் தனியாக நடத்தினார். 1964இல் அவர் தயாரித்த ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ 3,242 காட்சிகள் ஓடியது.

ஆனால் அவர் மனம் முழுக்க இயக்கத்தில்தான் இருந்தது. 1966இல் ‘கேபரே’ வந்தபோதுதான் உலகம் அதைக் கண்டது. ஹிட்லர் தலையெடுக்கும் காலத்து பெர்லினில் ஓர் இரவு விடுதி. அதில் பல்லைக் காட்டிச் சிரித்து விருந்தினரை வரவேற்கும் ஓர் அறிவிப்பாளன். ராணுவத்தில் இருந்த நாட்களில், குண்டுவீச்சில் இடிந்த தேவாலயத்தின் நிலவறையில் நடந்த விடுதி ஒன்றில், உதட்டுச்சாயமும் ஒட்டு இமைமயிருமாக நின்ற ஓர் அறிவிப்பாளனைப் பிரின்ஸ் பார்த்திருந்தார். பதினைந்து ஆண்டுகள் அந்த முகத்தை மனத்தில் வைத்திருந்து மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கேபரே’க்கு முன்பு மாஸ்கோவின் தகாங்கா அரங்கில் இயக்குநர் யூரி லியூபிமோவின் நாடகத்தைப் பார்த்தது, மேடையை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று அவர் கண்ணைத் திறந்திருந்தது.

‘கேபரே’யின் முதல் ஒத்திகையில் நடிகர்களுக்கு ஒரு புகைப்படம் காட்டினார். வெறி பிடித்த முகங்களோடு கத்தும் வெள்ளை இளைஞர் கூட்டம். நாஜி ஜெர்மனிதான் என்று நினைக்கத் தோன்றும் படம். அது அந்த ஆண்டு ‘லைஃப்’ பத்திரிகையில் வந்தது. கறுப்பின மக்கள் தங்கள் பகுதியில் குடியேறுவதை எதிர்த்த சிகாகோ இளைஞர்கள். அரங்கில் நுழைந்த மக்களுக்கோ, திரைக்குப் பதிலாக ஒரு பெரிய சாய்ந்த கண்ணாடி காத்திருந்தது. அதில் அவர்கள் பார்த்தது தங்களைத்தான்.

1970களில் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீஃபன் சோண்ட்ஹைமோடு சேர்ந்து ‘கம்பெனி’, ‘ஃபாலீஸ்’, ‘ஸ்வீனி டாட்’ என்று அடுத்தடுத்துச் செய்தார். ‘ஃபாலீஸ்’ ஏழு டோனி விருதுகள் பெற்றது. டோனி என்பது பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் பெரிய விருது. 522 காட்சிகள் ஓடியது. ஆனாலும் போட்ட பணம் முழுவதும் போய்விட்டது. கணக்கு எழுதும் எனக்கு இந்த வரி இன்றும் வலிக்கிறது. இவ்வளவு பேர் வந்து பார்த்தும் மீளாத அளவுக்குச் செலவு ஏறியிருந்தது.

1981இல் இருவரும் செய்த ‘மெரிலி வி ரோல் அலாங்’ பதினாறே காட்சிகளில் நின்றது. கதை பின்னோக்கிச் செல்வதால் பார்வையாளர்கள் குழம்பினார்கள். நடிகர்கள் எல்லாம் இளைஞர்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் பிராட்வே. நண்பர்களின் கூட்டு முறிந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘எ டால்ஸ் லைஃப்’ ஐந்து காட்சிகள். அதன்பின்னும் தோல்விகள்.

பிரின்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாடகம் அரங்கேறிய மறுநாள் காலை, அலுவலகத்தில் அடுத்த நாடகத்துக்கான கூட்டம் நடக்கும். பத்திரிகைகள் புகழ்ந்தாலும் நடக்கும், கிழித்தாலும் நடக்கும். எங்கள் குழுவின் நாடகம் ஒன்று மூன்றாவது காட்சியோடு நின்றபோது, ஒரு மாதம் நாங்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில்கூடப் பேசவில்லை. அந்த வழக்கத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்திருந்தால், மறுநாள் காலையே நான் எல்லோரையும் டீக்கு அழைத்திருப்பேன்.

1986இல் லண்டனில், இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபரின் ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’வைப் பிரின்ஸ் இயக்கினார். தரையிலிருந்து மெழுகுவர்த்திகள் எழும்ப, புகைக்கிடையில் ஒரு படகு மிதந்து வரும். மேடையின் பெரும்பகுதி வெறும் கறுப்பு. மீதியைப் பார்ப்பவர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்வார். 1988 ஜனவரியில் அது நியூயார்க்குக்கு வந்தது. பிரின்ஸ் 2019இல், 91 வயதில், 21 டோனி விருதுகளோடு காலமான நாளிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

2023 ஏப்ரல் 16 அன்று, 13,981 காட்சிகளுக்குப் பிறகு, அது பிராட்வேயில் நிறைவுற்றது. அதே ஆண்டு அக்டோபரில், பதினாறு காட்சிகளில் நின்றுபோன ‘மெரிலி வி ரோல் அலாங்’ வேறோர் இயக்குநரின் கையில் மறுபடி பிராட்வே மேடை ஏறியது. மறு ஆண்டு சிறந்த மறுதயாரிப்புக்கான டோனி விருது அதற்குத்தான்.

வணக்கம்.