பள்ளிக்கூடம் விட்ட பிறகு

வணக்கம் நேயர்களே. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு, உள்ள பிள்ளைகளை வளர்க்கும் அம்மா, அப்பாமாரோடு பேச வந்திருக்கிறேன். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவதிலிருந்து கொப்பியை மூடி வைக்கும் வரைக்குமான பின்னேரத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அநேகமான வீடுகளில் சத்தமும் அழுகையும் கிளம்புவது அப்போதுதான்.

"வகுப்பில பரவாயில்லையாம், எங்களோடதான் இந்தக் குழப்படி" என்று தாய்மார் மனம் நொந்து சொல்வதுண்டு. பக்கத்தில் யாராவது, "நீங்கள் குடுத்த செல்லம்தான்" என்பார்கள். அது அநியாயமான பேச்சு. காலை 7.30 இலிருந்து 1.30 வரை கதிரையில் இருந்து தன்னை அடக்கிய பிள்ளை, வீட்டுப் படலையைத் திறக்கும்போது களைத்துப்போய் வருகிறது. இந்தக் குறைபாட்டுக்குக் குடுக்கும் மெதைல்பெனிடேற் குளிசை எடுக்கும் பிள்ளையென்றால் இன்னொன்றும் சேரும். சாதாரண குளிசை ஏறத்தாழ 4 மணித்தியாலம்தான் வேலை செய்யும். காலையில் எடுத்தது மத்தியானத்துக்கு முன்பே இறங்கிவிடும். இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் கூடும். மருந்து பசியையும் குறைப்பதால் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரும். ஆகவே வந்தவுடன் கேள்வி வேண்டாம், சாப்பாடு குடுங்கள். "என்ன வீட்டுவேலை? ரீச்சர் ஏசினவவோ?" எல்லாம் பிறகு கேட்கலாம். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் சைக்கிளோ பந்தோ, வேர்க்க விளையாட விடுங்கள்.

2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் மூளைப் படங்களை ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூளையின் மேற்பட்டையில் பாதி இடங்கள் தடிப்பின் உச்சத்தை எட்டியிருக்கும் வயது மற்றப் பிள்ளைகளில் 7.5, இந்தப் பிள்ளைகளில் 10.5. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், வேகம் பிந்துகிறது. பொறுத்திருப்பது, சொன்னதை மனதில் வைத்திருப்பது போன்ற வேலைகளைச் செய்யும் முன்பகுதியில்தான் இந்தப் பிந்தல் அதிகம். "அடியாத மாடு படியாது" என்று அடித்தால் பிள்ளை பயப்படும். மறந்துபோன கட்டளை அதனால் ஞாபகத்துக்கு வராது.

அப்படியானால் எப்படிச் சொல்வது? குசினிக்குள் நின்று விறாந்தையைப் பார்த்துக் கத்தினால் அந்தச் சொல் பிள்ளைக்குப் போய்ச் சேராது. கை எட்டும் தூரத்துக்குப் போங்கள். குனிந்து, பெயர் சொல்லி, முகத்தைப் பார்க்கும் வரை பொறுங்கள். பிறகு ஒரே ஒரு வேலை: "தம்பி, சப்பாத்தைக் கழட்டி மூலையில வை." அதோடு வாயை மூடி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அநேகம் பேர் பிழை விடுவது இங்கேதான்: நாலு எண்ண முன்னமே "கேக்கேல்லையோ?" என்று தொடங்கினால், பிள்ளை முதலில் கேட்டதும் கலைந்துவிடும். "சப்பாத்தை வைச்சிட்டுக் குளிச்சிட்டுக் கொப்பியை எடு" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால், கடைசியாய்ச் சொன்ன ஒன்று மட்டும் மிஞ்சும், சிலவேளை அதுவும் மிஞ்சாது. செய்தவுடன், அந்த இடத்திலேயே, "சொன்ன உடன வைச்சிட்டாய், நல்லது" என்று செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள். இரவுச் சாப்பாட்டு வேளைவரை தள்ளிப்போட்ட பாராட்டு இந்தப் பிள்ளைகளுக்கு உறைக்காது.

நான் மிக முக்கியமாக நினைப்பது வேறொன்று. தினமும் 10 நிமிடம், பிள்ளை தெரிவுசெய்த விளையாட்டு, நீங்கள் பக்கத்தில் நிலத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கட்டளை, கேள்வி, படிப்பித்தல் மூன்றும் இல்லை. பிள்ளை செய்வதைப் பார்த்து அப்படியே சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேல வைக்கிறாய். பெரிசா வருது." "அது எத்தினை கட்டை, எண்ணு பாப்பம்" என்றால் உடனே அது வகுப்பாகிவிடும். கரம் போன்ற வெற்றி தோல்வி உள்ள விளையாட்டை இந்த 10 நிமிடத்துக்கு எடுக்காதீர்கள். தோற்றால் சண்டையில் முடியும். போனை வேறு அறையில் வையுங்கள். பொருளை எறிந்தால் சில வினாடி முகத்தைத் திருப்புங்கள். நிறுத்தியவுடன் திரும்பவும் சேருங்கள். ஆரையும் அடித்தால் அன்றைய விளையாட்டை அமைதியாக நிறுத்தலாம். ஆனால் வேறு குழப்படிக்குத் தண்டனையாக இந்த நேரத்தைப் பறிக்கக்கூடாது. நாள் முழுக்க ஏச்சு வாங்கும் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ தன்னை விரும்புகிறார் என்று தெரிய இதைவிட நல்ல வழியை நான் அறியேன். முதல் கிழமை பிள்ளை நம்பாது, உங்களைச் சோதிக்கும். விட்டுவிடாதீர்கள்.

வீட்டுவேலைக்கு மேசையைச் சுவர்ப்பக்கம் போடுங்கள். மேசையில் ஒரு கொப்பி, ஒரு பென்சில், வேறொன்றும் வேண்டாம். பத்துக் கணக்குள்ள பக்கத்தில் மூன்றைத் தவிர மற்றவற்றை வெள்ளைத்தாளால் மூடுங்கள். மணிக்கூடு வைத்து 10 நிமிட வேலை, 3 நிமிட ஓய்வு; ஓய்வில் ரிவியும் போனும் இல்லை, ஏனென்றால் அவற்றிலிருந்து பிள்ளையைத் திருப்பி எடுப்பது அடுத்த சண்டை. புலமைப்பரிசில் என்று சொல்லி ஆரம்ப வகுப்புப் பிள்ளையைத் தினமும் இரண்டு மணித்தியால ரியூசனில் இருத்துவது இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமை. கிழமையில் ஓரிரு நாளாவது குறையுங்கள்.

ஒரு போத்தலும் கொஞ்சப் புளியங்கொட்டையும் போதும், நல்ல பழக்கத்துக்கு அடையாளம் வைக்கலாம். மூன்று வேலையைத் தெரிவுசெய்யுங்கள்; அதில் ஒன்று பிள்ளை ஏற்கெனவே செய்வதாய் இருக்கட்டும். செய்த உடன் ஒரு கொட்டை. அன்றைக்கே மாற்ற வேண்டும்: மூன்று கொட்டைக்கு இரவு ஒரு கதை கூட. போட்ட கொட்டையைக் கோபத்தில் திருப்பி எடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். இரண்டு மூன்று கிழமையில் அலுத்துப்போகும், அப்போது பரிசை மாற்றுங்கள்.

உங்கள் கோபத்தையும் பாருங்கள். குரல் உயரத் தொடங்கினால் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வாருங்கள். இந்தக் குறைபாடு பரம்பரையில் வலுவாக வருவது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒழுங்கைக் காப்பது இரட்டிப்புச் சிரமம், அதில் வெட்கம் இல்லை. அப்பம்மாவுக்கும் கனடாவிலிருந்து வீடியோவில் வரும் மாமாவுக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: பிள்ளைக்கு முன்னால் குறை பேசக் கூடாது.

குழப்படியே இல்லாமல், யன்னலைப் பார்த்தபடி பாதி எழுதின கொப்பியோடு இருக்கும் பெண்பிள்ளைகளை நாங்கள் தவறவிடுகிறோம். அவர்களுக்கும் இது இருக்கலாம். இதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை. 12 வயதுக்கு முன் தொடங்கி, 6 மாதத்துக்கு மேலாக, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிகிறதா என்று விசாரித்தே வைத்தியர் முடிவெடுப்பார். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. போகும்போது வகுப்பாசிரியரின் கடிதம், கடைசித் தவணை அறிக்கை, எழுதின இரண்டு கொப்பி கொண்டுபோங்கள். மருந்து தந்தால் காலைச் சாப்பாட்டோடு குடுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியருக்கு முன்னால் பிள்ளையின் குறைகளை வரிசையாய் ஒப்புவிக்க முன்னம், பிள்ளை நன்றாகச் செய்யும் ஒன்றை அவனுக்கோ அவளுக்கோ கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.