ஒரே ஓட்டு, இரண்டு பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 2020 நவம்பர் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், என் ஓட்டு யாருக்கு, ஏன் என்று எழுதியது இது.

2020 செப்டம்பர் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் விளக்குப் போட்டோம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வானம் செம்மஞ்சளாக இருண்டு கிடந்தது. காட்டுத்தீயின் புகை. கொரோனாவுக்கு அஞ்சி ஆறு மாதமாக வீட்டுக்குள் இருந்தவர்கள், அன்று சன்னலையும் சாத்திக்கொண்டோம். மகள் கணினி முன் பள்ளிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் மட்டுமே அவள் முகத்தில் இருந்தது.

2020இன் துன்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு வருவது. வேலை போனால் காப்பீடும் போகும், அதுவும் கொள்ளைநோய் நாட்டில் இரண்டு லட்சம் உயிர்களைக் குடித்துவிட்ட வேளையில். மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் நசுக்கிக் கொன்றார். நோய்க்குப் பயந்திருந்த மக்கள் முகக்கவசத்தோடு தெருவில் இறங்கினார்கள்.

இந்தத் தேர்தலில் நான் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன்–கமலா ஹாரிஸ் அணியை ஆதரிக்கிறேன். இருவர் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. 1994ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தில் பைடனின் பங்கு பெரிது. அந்தச் சட்டத்தின் கடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாரிஸ் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்து முடிவுகள் சிலவும் அப்படியே. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து வந்தவர் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஊர்ப்பாசத்துக்காக மட்டும் ஓட்டுப் போட மாட்டேன்.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது வேறொன்று. 2019 ஜூனில், இருவரும் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டபோது, மயாமி விவாத மேடையில், ஹாரிஸ் பைடனை நேருக்கு நேர் மடக்கினார். பள்ளிகளில் இனப் பிரிவினையைப் போக்கக் குழந்தைகளைப் பஸ்ஸில் அனுப்பிய திட்டத்தைப் பைடன் எழுபதுகளில் எதிர்த்தாரே, அந்தப் பஸ்ஸில் போன சிறுமி நான்தான் என்றார். நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே ஹாரிஸைத்தான் பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராகப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். குறை சொன்னவரை அருகில் வைத்துக்கொள்ளும் மனம் இருந்தால், நாளை மருத்துவ அறிஞர்கள் கசப்பான எண்ணிக்கையைக் கொண்டுவரும்போதும் காது கொடுப்பார் என்று நம்புகிறேன்.

ஒரே ஓட்டில் அதிபரையும் துணை அதிபரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்; இரண்டாவது பெயரை அலங்காரம் என்று எண்ணாதீர்கள். 1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்து ட்ரூமன் அதிபரானபோது, அவர் துணை அதிபராகி 82 நாட்களே ஆகியிருந்தன. அணுகுண்டைப் பற்றிய முழு விவரம் பதவியேற்ற பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. பைடனுக்கு 2020 நவம்பரில் 78 வயது.

எங்கள் கலிஃபோர்னியா எப்படியும் ஜனநாயகக் கட்சிக்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவில் நேயர்களின் ஓட்டு அப்படியல்ல. அஞ்சலில் அனுப்புவோர் கவனியுங்கள்: வாக்குச்சீட்டை முதலில் உள்ளுறையில் வைத்து ஒட்டுங்கள், பிறகு அதை வெளியுறையில் இட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளுறை இல்லாத சீட்டை எண்ண மாட்டார்கள்.