மலையே இல்லாத ஊர்ல நின்னு எரிமலை மேப் படிப்போம் வாங்க

(திரையில: தண்ணி வத்தின கண்மாய்)

வணக்கம் மக்களே. இது நம்ம ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய், சித்திரை வெயிலு, நடுவுல மட்டும் கொஞ்சூண்டு தண்ணி கெடக்கு. ஓரத்துல பாருங்க, வரிவரியா கோடு. தண்ணி எந்தெந்த மட்டத்துல நாலு நாள் நின்னுச்சோ அங்கெல்லாம் ஒரு அழுக்குக் கோடு விட்டுட்டுப் போயிருக்கு, அதுல ஒண்ணப் புடிச்சு நடந்தா ஏறவும் மாட்டீங்க, எறங்கவும் மாட்டீங்க. பள்ளிக்கூடத்துல சம உயரக் கோடுன்னு மனப்பாடம் பண்ணோமே, அது இதான். அன்னைக்கே இங்க கூட்டியாந்து காட்டிருந்தா எனக்கு ரெண்டு மார்க்கு கூட வந்திருக்கும், விடுங்க.

சரிவு செங்குத்தா இருந்தா கோடு நெருக்கமா இருக்கும், இல்லன்னா தள்ளித் தள்ளி.

(திரையில: பேரன் தீவு டோப்போ மேப், அதாவது மேடு பள்ளத்தக் கோடு போட்டுக் காட்டுற மேப்)

அந்தமான்ல பேரன் தீவு. தாத்தா பேரன் இல்லங்க, இங்கிலீஷ்ல தரிசுன்னு அர்த்தம். ஆளே இல்லாத எரிமலை, ஒசரம் சுமார் 354 மீட்டரு, 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்டா 17 கோடு வரும். சாதா மலைன்னா உள்ள போகப் போக ஏத்தம் தான். எரிமலைக்கு வாய் இருக்குல்ல, அங்க மறுபடி பள்ளம், அதக் காட்டத்தான் கோட்டுல சீப்புப் பல்லு மாதிரி சின்னச் சின்னக் கோடு உள்பக்கமா போடுவாங்க. இங்க பழைய வாய் சுமார் 2 கிலோமீட்டர் அகலம், மேற்குப் பக்கம் ஒடஞ்சு கெடக்கு, அதனால கோடு சுத்தி வந்து சேராம லாடம் மாதிரி நிக்குது. 1991ல வெடிச்சப்போ லாவா அந்த ஒடசல் வழியாத்தான் கடலுக்கு ஓடுச்சு. கரை ஒடஞ்சா எங்க பாயும்னு நமக்குச் சொல்லியா தரணும்.

நம்ம கடலோர மேப்ப அதே 20 மீட்டர் கணக்குல விரிச்சா, தரை தட்டையா கெடக்குறதால கோட்டத் தேடணும்.

2000 பிப்ரவரில எண்டேவர் விண்கலம் 11 நாள் சுத்தி ரேடார்ல பூமியோட ஒசரத்த அளந்துச்சு, தப்பு 16 மீட்டருக்குள்ள இருக்கணும்னு டார்கெட்டு. நெசத்துல அதவிட நல்லாவே வந்துச்சு, ஆனா எரிமலைக்கு 16 மீட்டர்ங்கறது ஒரு கோடு கூட இல்ல, நமக்கு ஊரே அந்தத் தப்புக்குள்ள முழுகிப்போகும். போதாததுக்கு ரேடாரு சீமக்கருவேலங் காட்டோட தலையவும் சேத்து தரைன்னு எடுத்துக்கும்.

அதான் கண்மாய் வேலைக்கு வர்றவங்க இன்னமும் மட்டம் பாக்குற லெவல் மெஷினும், ஸ்டாஃபுன்னு சொல்ற அளவு போட்ட நீளக் கம்பும் தூக்கிக்கிட்டு கரை மேல நடந்தே அளக்குறாங்க, மடையில ஒரு சாண் தப்புனா கடைசி வயலுக்குத் தண்ணி போகாது.