பெல்ஃபாஸ்ட் சுவர்: சண்டை சாமிக்கா, வீட்டுக்கா?

வணக்கம் மக்களே! காத்து இரைச்சலா இருந்தா பொறுத்துக்கோங்க, மைக்குல மாட்டுற பஞ்சு எங்கயோ விழுந்துடுச்சு.

இப்ப நான் நிக்கிறது வட அயர்லாந்து தலைநகர் பெல்ஃபாஸ்ட், கூப்பர் வேங்கிற தெரு. பின்னாடி தெரியுதே, இதுக்குப் பேரு 'அமைதிச் சுவர்'. இந்தப் பக்கம் ஷாங்கில், புராட்டஸ்டன்ட் ஏரியா. அந்தப் பக்கம் ஃபால்ஸ், கத்தோலிக்க ஏரியா. 1969ல ராணுவம் தற்காலிகமா போட்ட தடுப்பு. தற்காலிகம்!

சாமிக்காக அடிச்சுக்கிட்டாங்கன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். தோண்டினா, வீட்டுல போய் நிக்குது. அப்ப வட அயர்லாந்துல உள்ளாட்சித் தேர்தல்ல எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வீட்டு வரி கட்டுறவருக்கும் அவர் துணைக்கும்தான். அப்பா வீட்டுலயே இருக்குற முப்பது வயசுப் பையனுக்கு ஓட்டு இல்ல. அப்ப, கவுன்சில் ஒரு தம்பதிக்கு வீடு கொடுத்தா ரெண்டு ஓட்டு கொடுத்த மாதிரி. புரியுதா? டெரின்னு ஒரு நகரம், அங்க கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. கவுன்சில் மட்டும், பிரிட்டனோடதான் இருக்கணும்ங்கிற யூனியனிஸ்ட் கையில, அவங்க பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். வார்டை அப்படி வெட்டி வச்சிருந்தாங்க.

1968 ஜூன்ல, கேலடன்னு ஒரு கிராமம். பிள்ளைகுட்டியோட கத்தோலிக்கக் குடும்பங்க காத்துக் கிடக்க, கல்யாணமாகாத 19 வயசு புராட்டஸ்டன்ட் பொண்ணுக்கு வீட்டைக் கொடுத்தாங்க. ஆஸ்டின் கரிங்கிற எம்.பி. நேரா அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டார். போலீஸ் வெளிய இழுத்துப் போட்டுச்சு. அக்டோபர் 5, சம உரிமை கேட்டு டெரியில போன ஊர்வலத்துல போலீஸ் தடியடி.

எனக்கு உறைச்ச விஷயம் இதுதான். 1969லயே எல்லாருக்கும் ஓட்டுன்னு சட்டம் மாறிடுச்சு. 1971ல வீடு ஒதுக்குற வேலையைக் கவுன்சில்கிட்ட இருந்து பிடுங்கித் தனி அமைப்புகிட்ட கொடுத்துட்டாங்க. ஆனா சண்டை நிக்கல. அதுக்குள்ள சாவு விழ ஆரம்பிச்சிடுச்சு. 1972 ஜனவரி 30, டெரியில ஊர்வலம் போனவங்களை ராணுவம் சுட்டு அன்னிக்கே 13 பேர் போனாங்க. பிரிட்டனை விட்டு அயர்லாந்தோட சேரணும்னு ஆயுதம் தூக்கின அமைப்பு ஐ.ஆர்.ஏ. அதுக்கப்புறம் அவங்க ஆள் தேடி அலையவே வேணாம், பசங்க வரிசையில வந்து நின்னாங்க. மொத்தம் 3,500 பேருக்கு மேல செத்திருக்காங்க.

அதனால சண்டையை நிறுத்தப் போட்ட 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்துல வீட்டுப் பேச்சு மட்டும் போதல. நீ பிரிட்டிஷா, ஐரிஷா, ரெண்டுமா, உன் இஷ்டம்னு எழுதினாங்க. இந்தச் சண்டையில ஆயுதம் தூக்கிச் சிறையில இருந்தவங்களை ரெண்டு வருஷத்துல விட்டாங்க. புருஷனைப் பறிகொடுத்தவங்க அதை எப்படித் தாங்கியிருப்பாங்க, எனக்கு இப்பவும் ஜீரணமாகல. அப்படியும் இங்க 71% பேர் சரின்னு ஓட்டுப் போட்டாங்க. போலீஸையும் மாத்தினாங்க: 2001ல இருந்து பத்து வருஷம், புதுசா எடுக்குற ஆள்ல பாதி கத்தோலிக்கர்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாம்பே தெரு. ஆமா, நம்ம பாம்பே பேருதான். 1969 ஆகஸ்ட்ல எரிச்சாங்க. திரும்பக் கட்டின வீடுகள்ல கொல்லைப்புறத்தை மூடி இன்னும் கம்பி வலை இருக்கு. நம்ம ஊர்ல குரங்குக்குப் போடுவோமே, அது மாதிரி. இங்க சுவரைத் தாண்டி வர்ற கல்லுக்கு. இருங்க, பக்கத்துல போய்க் காட்டுறேன். அந்தப் பக்கம் போற வழியில இருக்குற லனார்க் வே கேட்டை ராத்திரி சாத்திடுவாங்க, அதுக்குள்ள தாண்டணும்.