கொடுத்த பூவும் கொண்ட கையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பரிசாகக் கொடுக்கும் பூக்களுக்கு என்ன பொருள் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். பூவுக்குப் பூ பொருள் எழுதிவைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பெரிதாக நடந்தது. 1819-இல் பாரிஸ் நகரில் சார்லோட் டி லதூர் என்ற புனைபெயரில் அப்படி ஒரு நூல் வெளிவர, அதைப் பின்பற்றிப் பல பட்டியல்கள் வந்தன. சிவப்பு ரோஜா காதல் என்றும், மஞ்சள் ரோஜா பொறாமை என்றும் அவற்றுள் பல சொல்லின. மஞ்சளை மங்கலமாகக் கொண்ட நம் வீட்டுப் பெண்களிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நம்மிடமும் பூவுக்குக் குறிப்பு உண்டு. சங்க காலத்தில் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவரப் போனவன் வெட்சி சூடினான், மீட்கப் போனவன் கரந்தை சூடினான். வென்றவனின் வாகை இன்றும் விளையாட்டுச் செய்திகளில் வாடாமல் இருக்கிறது. ஆனால் பூவைக் கொடுக்கும் இடம் வரும்போது, எந்தப் பூ என்பதைவிட, பெறுகிறவர் அதை ஏற்றாரா என்பதையே நம் மரபு உற்றுப் பார்க்கிறது என்பது என் எண்ணம்.

குறுந்தொகையின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாகக் கொண்டுவந்து நிற்கிறான். தோழி அதை வாங்கவில்லை. வாங்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் முருகனின் குன்றம் 'குருதிப் பூவின் குலைக் காந்தட்டே' என்கிறாள், அவ்வளவுதான். எங்கள் மலை நிறையக் கிடப்பதை நீ எங்களுக்கே கொண்டுவந்தாயா என்பது அதன் உட்பொருள். வாங்கிவிட்டால் தலைவியின் சார்பில் இசைந்ததாக ஆகிவிடும் என்பது அந்தக் கெட்டிக்காரிக்குத் தெரியும். போர்க்களத்திலும் இதே கணக்குத்தான்: 'பூக்கோள்', அதாவது பூவைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தண்ணுமைப் பறை முழங்கியதும் அரசனிடம் பூவைப் பெற்றுக்கொண்ட வீரன் போருக்கு உடன்பட்டவன் ஆகிறான்.

இவை ஏட்டோடு போனவை அல்ல. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால், அந்தப் பெண்ணைக் கேட்டு வேறு யாரும் வருவதில்லை. 'பூ வச்சாச்சு' என்ற இரண்டு சொற்களுக்கு நம் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கனம் உண்டு.

மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பூவின் பெருமையை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடியலில் போய் நின்றால் தெரிந்துகொள்ளலாம். அங்கே குவித்திருப்பவை பூக்கள் அல்ல, இறுகிய மொட்டுகள். பூக்காரம்மா அதைத் தொடுத்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை முழம் போடுகிறார் (விற்கிறவர் கை ஏன் எப்போதும் குட்டையாகவே இருக்கிறது என்பது நம் ஊரின் தீராத வழக்கு). காலையில் கொடுக்கும்போது மூடியிருக்கிற மல்லிகை, அந்தி சாய்ந்த பிறகுதான், பெற்றவரிடம் இருந்துகொண்டு மலர்கிறது.

கொடுக்கப்படாத பூவைப் பற்றியும் பேச வேண்டும். விடைபெறும் பெண்களுக்குக் குங்குமமும் பூவும் கொடுக்கும் தட்டு, கணவனை இழந்தவர் முன் வரும்போது மட்டும் விலகிப் போகிறதே, அந்த விலகலைவிடக் கொடிய பூமொழி எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை, மாமா இறந்த பின்னும் ஊர்க்கோயிலுக்கு நாள் தவறாமல் பூத் தொடுத்தவர். தமக்கென்று ஒரு கண்ணி வைத்துக்கொண்டதில்லை. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் என் மகள் அந்தத் தட்டை அவர்முன் நீட்டிவிட்டாள். கூடத்தில் பேச்சு நின்றது. அத்தை ஒரு முழத்தை எடுத்துக்கொண்டார். தலையில் வைக்கவில்லை, திருப்பித் தரவும் இல்லை. இரவு நான் அவரைப் பேருந்து ஏற்றிவிடப் போனபோது, மடியில் இருந்த மஞ்சப்பைக்குள் அத்தனை மொட்டும் விரிந்து, முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மணந்துகொண்டிருந்தது.