பகலில் மலைக்கிராமம், இரவில் ஏசி ரூம்: நாங்கள் செய்தது பாவமா?

ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். சபை வாலிபர்களோடு ஜார்க்கண்ட் மலைக்கிராமங்களுக்கு ஒரு வாரம் போய் வந்திருக்கிறார்கள். "பகலெல்லாம் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீடுகளில் பாட்டுப் பாடி ஜெபித்தோம். ராத்திரி டவுனில் ஏசி ரூம், சுடுதண்ணீர், சிக்கன் பிரியாணி. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் செய்தது பாவமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, ஏசி ரூமில் தூங்கியதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் குழுவில் சுகர் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள், முதல்முறையாக அவ்வளவு தூரம் வந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று பவுல் எழுதுகிறார், பிலிப்பியர் 4:12. நன்றாகச் சாப்பிட்ட நாளை அவர் மறைக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொன்று என்னை உறுத்துகிறது. போர்வை கொடுத்தோம், நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், பிஸ்கட் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கையால் நீங்கள் என்ன வாங்கிக்கொண்டீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் இதே தப்பைச் செய்தவன். அதே ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டம், ராஜ்மஹால் மலை. பஹாடியா என்ற பழங்குடி மக்கள் இருக்கிற ஊர். அவர்கள் பேசுகிற மால்தோ நம்முடைய தமிழைப் போலவே திராவிட மொழி, 'நீ' என்பதை 'நீன்' என்பார்கள். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே ஒரு வயதான அம்மா, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கையைக் கழுவச் சொன்னார். ஊற்று மலைச்சரிவில் ரொம்பக் கீழே இருக்கிறது. அந்தத் தண்ணீரை அவர் தலையில் சுமந்து ஏறி வந்திருக்கிறார். அப்புறம் மக்காச்சோளக் களியும் தட்டைப்பயறும் இலையில் வைத்தார். அந்தப் பயறு அவர்கள் வீட்டில் தின்பதற்கு இல்லை, சந்தையில் விற்றுக் காசாக்குவதற்கு வைத்திருப்பது.

நாங்கள் என்ன செய்தோம்? வயிறு கெட்டுவிடும் என்ற பயத்தில், "இப்போதுதான் சாப்பிட்டோம் அம்மா" என்று பொய் சொல்லிவிட்டு ஜீப்புக்கு வந்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டுபோன பிரெட்டைச் சாப்பிட்டோம். அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இலை அப்படியே இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது.

பயம் நியாயமானதுதான். மலேரியாவும், மணல் ஈ கடித்துப் பரவும் காலா-அசார் காய்ச்சலும் இருக்கிற மலை அது, தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஆனால் அடுப்பிலிருந்து சூடாக இறக்கிய களியில் என்ன பயம்? எங்களுக்குப் பயம் களியைப் பார்த்து இல்லை, அந்த வீட்டைப் பார்த்து.

இன்னொன்று. உங்களைக் கூட்டிக்கொண்டு போன பணித்தள ஊழியர், அவர் தமிழ்நாட்டுக்காரராகக்கூட இருக்கலாம், நீங்கள் பிரியாணி சாப்பிட்ட ராத்திரி எங்கே சாப்பிட்டார்? பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், உங்களை ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் மலை ஏறிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இந்தக் காயம் பழையது. திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர், தெலுங்கு பேசும் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனவர், 1912இல் அங்கேயே பேராயர் ஆனவர். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். மேல்நாட்டு மிஷனெரிகளுக்கும் அவர்களோடு வேலை செய்த இந்திய ஊழியர்களுக்கும் இருந்த தூரத்தைப் பற்றித்தான் பேச்சு. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பை, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில், 35 வயதில், எவ்வளவு தைரியம் பாருங்கள்! அன்றைக்கு அவர் நின்ற இடத்தில் இன்றைக்கு அந்த மலைக்கிராமத்துக்காரர் நிற்கிறார். அந்த வெள்ளைக்காரர் இருந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எழுபது பேரை அனுப்பும்போது இயேசு பணப்பையையும் சாமான்பையையும் எடுத்துப் போக வேண்டாம் என்கிறார். போன வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடச் சொல்கிறார். நாம் பை நிறையக் கொண்டுபோகிறோம், சாப்பாட்டுக்கு மட்டும் டவுனுக்கு வந்துவிடுகிறோம்.

அதனால் அடுத்தமுறை போகும்போது எங்கே தங்குவது என்று டிராவல்ஸ்காரரைக் கேட்காதீர்கள், அந்த ஊழியரைக் கேளுங்கள். மலையில் தங்கலாம் என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு போங்கள். உங்களைத் தங்கவைப்பதே அந்த ஊருக்குப் பாரமாகிவிடும், டவுனிலேயே இருங்கள் என்று அவர் சொன்னால் மனம் குத்தாமல் ஹோட்டலில் இருங்கள். ஆனால் பகலில் ஒருவேளையாவது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிடுங்கள். இரண்டாவது தடவை வைத்தால் அதையும் சாப்பிடுங்கள். ராத்திரி அந்த ஊழியரை இறக்கிவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். அவர் மனைவி பிள்ளைகளையும் வரவழைத்து, அதே மேஜையில் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.