ஆயா சொன்ன பட்சியும் காசிமேட்டுக் கயிறும்

வணக்கம் நண்பர்களே. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. என் கையில் இருப்பது 10 மீட்டர் நைலான் கயிறு. ஒரு முனையை இங்கே கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், பாருங்கள். இந்த ஃபைபர் படகைத் தாண்டியே வந்துவிட்டேன். டைனோசர் காலத்தில் பறந்த கெட்சால்கோட்லஸ் என்ற விலங்கு இறக்கையை விரித்தால் குறைந்தது இவ்வளவு அகலம்! அதோ, மீன் குடலுக்காக வட்டமிடுகிறதே பருந்து, அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான்.

ராயபுரத்தில் என் ஆயா அண்டரண்டப் பட்சி கதை சொல்வார். யானையைக் காலில் கவ்விக்கொண்டு ஏழு கடல் தாண்டுமாம். போர்வைக்குள் பயந்து சுருண்டுகொள்வேன். 1971இல் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் இந்தக் கெட்சால்கோட்லஸின் இறக்கை எலும்பைக் கண்டெடுத்தார் என்று பின்னாளில் படித்தபோது, ஆயாவின் குரல்தான் காதில் கேட்டது. பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் இறகு முளைத்த பாம்புக் கடவுளின் பெயரை 1975இல் அதற்குச் சூட்டினார்கள். அந்த அஸ்டெக் மக்களுக்கும் ஓர் ஆயா இருந்திருப்பார்.

இது பறவை அல்ல, டைனோசரும் அல்ல. டைனோசருக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று சொல்லலாம். டெரோசார் என்ற இனம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தது.

இப்போது உங்கள் கையை விரியுங்கள். கட்டைவிரலிலிருந்து எண்ணினால் நான்காவது, மோதிர விரல். அந்த ஒரு விரல் மட்டும் பல அடி நீண்டு, அதன் நுனியிலிருந்து உடல்வரை தோல் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். அதுதான் இறக்கை! சுண்டுவிரல் இதற்குக் கிடையாது; மற்ற மூன்று விரல்களும் குட்டையாக, நகத்தோடு முன்னே நிற்கும். எலும்போ உள்ளே வெற்றிடம், சுவர் மெல்லியது. எனக்கு இதைவிட அழகான உடல் தெரியாது.

ஆளைக் காலால் தூக்கிப் போவதாகத்தான் இதைப் பல இடங்களில் காட்டுகிறார்கள். மனம் வலிக்கிறது. இதன் பாதம் தரையில் பதித்து நடப்பதற்கானது. பருந்தைப் போலப் பற்றிக்கொள்ள வராது. இறக்கையை மடக்கி நான்கு காலில் நடந்து, நாரை போலச் சின்ன உயிர்களைக் கொத்தித் தின்றிருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம், எடை 200 கிலோவுக்கு மேல். இவ்வளவு கனம் எப்படி எழும்பியது? கொக்கு காலால் எம்பும். இது முன்கைகளையும் தரையில் ஊன்றி உந்தியிருக்க வேண்டும் என்கிறார் ஆய்வாளர் மைக்கேல் ஹபீப். நாம் சுவரில் கையூன்றி எகிறுவோமே, அந்த மாதிரி. பறக்க வைத்த அதே தோள் தசைதான் தரையிலிருந்தும் கிளப்பியது.

படகுக்கார அண்ணன் இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "வலையைக் கிழித்திருக்குமா தம்பி?" என்கிறார். அண்ணா, அலகோடு சேர்ந்த அதன் தலையே உங்களைவிட நீளம். வாருங்கள், கயிற்றின் அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள், அலகையும் அளந்து காட்டுகிறேன்.